வாசற்படியும் நீதிமன்றக் கட்டளையும்: இந்தியாவில் கட்டளை நிறைவேற்றுநர் பணியும் அத்துமீறல் முறையீடுகளும்

முன்னுரை

நீதித்துறை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் நீதிபதிகளையும் தீர்ப்புகளையும் சட்டத் தொகுப்புகளையும் பற்றியே எழுதியுள்ளனர். தீர்ப்பை மன்றத்திலிருந்து மனிதரின் வீட்டு வாசலுக்குக் கொண்டு செல்பவரைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. இன்று தமிழக நீதிமன்றங்களில் இப்பணியாளர் ‘கட்டளை நிறைவேற்றுநர்’ எனப்படுகிறார். மக்கள் வழக்கில் அவர் அமீனா, கோர்ட்டுச் சேவகர், சம்மன் கொண்டுவருபவர் என்று பலவாறு அறியப்பட்டவர். பிறர் இல்லத்தின் எல்லையை அணுகுவதும், சில வேளைகளில் அதனைக் கடப்பதும் அவருடைய பணியின் இயல்பு. ஆகவே ‘அத்துமீறி நுழைந்தார்’ என்னும் முறையீடு காவல் நிலையத்துக்குச் செல்வதும், ‘அரசுப் பணியைத் தடுத்தனர்’ என்று அவர் எதிர்முறையீடு செய்வதும் இப்பணியோடு தொடர்ந்து வந்துள்ளன. இவ்விரு முறையீடுகளுக்கும் இடையில் இந்தியச் சட்டம் வகுத்துக்கொண்ட எல்லைக்கோட்டின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய மரபு: வழக்காடுபவரே வாசலில்

பண்டைய இந்திய நீதி மரபில் எதிராளியை மன்றுக்குக் கொணரும் பொறுப்பில் பெரும்பகுதி வழக்குத் தொடுப்பவரிடமே இருந்தது. அரசனின் அழைப்பு வரும்வரை எதிராளியைத் தானே தடுத்து நிறுத்தும் உரிமையை நாரத ஸ்மிருதி வாதிக்கு வழங்குகிறது. ‘ஆசேதம்’ எனப்படும் இத்தடை இடம், காலம், பயணம், செயல் ஆகியவை பற்றி நால்வகைப்படும். அதே நூல் இவ்வுரிமைக்கு வரம்பும் கட்டுகிறது. திருமணம் செய்யவிருப்பவன், நோயுற்றவன், வேள்வி செய்ய முற்பட்டவன், ஆநிரை மேய்க்கும் ஆயன், பயிர்த்தொழிலில் ஈடுபட்டுள்ள உழவன் போன்றோரைத் தடுத்தல் கூடாது என்பது அதன் விதி. சட்டக் கட்டளைக்கும் தகுந்த வேளையும் தகாத வேளையும் உண்டு என்ற எண்ணம் இந்நாட்டில் மிகப் பழையது என்பதற்கு இதுவே சான்று.

தமிழிலக்கியத்தில் இதற்கு ஒப்பான காட்சி பெரியபுராணத்தின் தடுத்தாட்கொண்ட புராணத்தில் அமைந்துள்ளது. புத்தூரில் சுந்தரரின் திருமணப் பந்தலுக்கு முதிய அந்தணர் ஒருவர் வந்து அடிமை ஓலையைக் காட்டி உரிமை கோருகிறார். சுந்தரர் அவ்வோலையைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படியோலையே என்றும், மூல ஓலையைத் திருவெண்ணெய்நல்லூர் அவையில் காட்டுவதாகவும் முதியவர் கூறுகிறார். புராணத்தின் சமய உட்பொருள் இங்கு நம் ஆய்வுக்கு உரியதன்று. வழக்கியல் நோக்கில் பார்த்தால், நடுநிலையான மூன்றாம் ஆள் எவரும் இல்லாமல் உரிமை கோருபவரே ஆவணத்துடன் எதிராளியிடம் வருவதையும், அதனால் ஆவணம் அழிவதையும், திருமண வேளை குலைவதையும் சேக்கிழார் காட்டும் 12ஆம் நூற்றாண்டுச் சித்திரத்தில் காண்கிறோம். நாரதர் விலக்கிய வேளையும் இதுவே.

மாபார் எனப்பட்ட சோழமண்டலக் கடற்கரைப் பகுதியில் கடன் கொடுத்தவர் கடனாளியைச் சுற்றி வட்டம் வரைந்தால், கடனைத் தீர்க்காமலோ பிணை தராமலோ கடனாளி அதைக் கடக்கக்கூடாது என்ற வழக்கம் இருந்ததை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ குறிப்பிடுகிறார். வட இந்தியாவில் கடன் கொடுத்தவர் கடனாளியின் வாசலில் உண்ணாது அமரும் ‘தர்ணா’ நீண்ட காலம் நிலவியது. தெய்வச் சினத்துக்கு ஆளாவாய் என்று நம்பச் செய்யும் நோக்குடன் பிறர் வாசலில் தர்ணா இருப்பதை 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் தன் 508ஆம் பிரிவில் குற்றத்திற்கு எடுத்துக்காட்டாகவே தருகிறது. உரிமை கோருபவர் வாசலிலிருந்து விலக்கப்பட்டு, அவ்விடத்தில் மன்றத்தின் பணியாளர் நிறுத்தப்பட்ட மாற்றத்தின் சுவடாக அவ்வெடுத்துக்காட்டைக் கொள்ளலாம்.

மன்றத்தின் பணியாளரே சென்றழைக்கும் முறைக்கும் பழைய சான்று உண்டு. சூத்திரகரின் மிருச்சகடிகம் என்னும் வடமொழி நாடகத்தின் ஒன்பதாம் அங்கத்தில் சோதனகன் என்னும் மன்றப் பணியாளன் வருகிறான். சாருதத்தனை அழைத்துவர அவனை அனுப்பும் நீதிபதி, பரபரப்பும் அச்சமும் ஊட்டாமல் மரியாதையுடன் அழைக்குமாறு பணிக்கிறார். அழைக்கப்படுபவர் இன்னும் குற்றவாளி ஆகிவிடவில்லை என்ற உணர்வு அப்பணிப்பில் அடங்கியுள்ளது.

சொற்கள் காட்டும் வரலாறு

இப்பணி சார்ந்த சொற்கள் பல ஆட்சிகளின் படிவுகளாகும். மேற்பார்ப்பவர் என்னும் பொருளுடைய நாசிர் என்ற அரபுச் சொல் தமிழக நீதிமன்றங்களில் ‘நாசர்’ ஆயிற்று. நம்பிக்கைக்குரியவர் என்னும் பொருளுடைய அமீன் ‘அமீனா’ ஆயிற்று. காலாட்படையினனைக் குறித்த போர்த்துகீசியச் சொல் ‘பியூன்’ என வழங்குகிறது. பற்றுகையைக் குறிக்கும் ‘ஜப்தி’யும் அரபு மூலத்திலிருந்து வந்ததே. நம்பிக்கைக்குரியவர் என்று பொருள்பட்ட சொல், மக்கள் வழக்கில் ‘வீட்டுக்கு அமீனா வந்துவிட்டான்’ என்று குடும்ப மானத்தின் இழப்பைக் குறிக்கும் நிலைக்கு வந்தது கருதத்தக்கது. கடனைவிட, அண்டை அயலார் காண வாசலில் சேவகர் நிற்பதே பெரிய இழிவாக உணரப்பட்டது. ஊரறியத் தமுக்கடித்துப் பற்றுகையை அறிவிக்கும் முறையும் இவ்வுணர்வை வளர்த்தது. அசையாச் சொத்துப் பற்றுகையைப் பறையறைந்தோ வழக்கமான வேறு முறையிலோ அறிவிக்க வேண்டும் என்று உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் 21ஆம் கட்டளை 54ஆம் விதி கூறுகிறது.

காசிஜோரா வழக்கு

கட்டளை நிறைவேற்றமும் அத்துமீறலும் இந்தியாவில் நேருக்கு நேர் மோதிய பெருநிகழ்ச்சி ஒன்று வங்காளத்தில் நடந்தது. 1773ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி 1774இல் கல்கத்தாவில் உச்சநீதிமன்றம் அமைந்தது. அதன் கட்டளைகளை ஷெரீப் என்னும் அலுவலரும் அவருடைய ஆட்களும் நிறைவேற்றினர். கும்பினியின் ஆளுநர் மன்றத்துக்கும் இந்நீதிமன்றத்துக்கும் அதிகார எல்லை தெளிவாக வரையறுக்கப்படவில்லை.

1779 ஆகஸ்டில் காசிநாத் பாபு என்பவர், மிதுனபுரி மாவட்டத்துக் காசிஜோராவின் ஜமீன்தாரான ராஜா சுந்தர் நாராயணனிடமிருந்து தமக்கு வரவேண்டிய கடனுக்காக வழக்குத் தொடுத்தார். ராஜாவைப் பிடிக்க ஆணை பிறந்தது; ராஜா மறைந்துகொண்டார். ஜமீன்தார்கள் கும்பினியின் பணியாளர்களாக இருந்தாலோ தாமே இசைந்தாலோ அன்றி உச்சநீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டவர்கள் அல்லர் என்று ஆளுநர் மன்றம் அறிவித்தது. அதன் வலிமையில் ராஜாவின் ஆட்கள் ஷெரீப்பின் ஆட்களை விரட்டினர். அதே ஆண்டு நவம்பரில் சொத்துகளைக் கையகப்படுத்தும் ஆணையுடன் ஏறத்தாழ 60 பேர் கொண்ட ஆயுதமேந்திய கூட்டம் அனுப்பப்பட்டது. அவர்கள் அந்தப்புரக் கதவுகளை உடைத்து நுழைந்தனர் என்றும், வழிபாட்டிடத்தை மாசுபடுத்தினர் என்றும், பணியாளர்களை அடித்தனர் என்றும் ராஜாவின் தரப்பு முறையிட்டது. ஆளுநர் மன்றத்தின் ஆணைப்படி கும்பினிப் படையினர் டிசம்பர்த் தொடக்கத்தில் ஷெரீப்பின் ஆட்களைச் சுற்றிவளைத்துக் கைது செய்தனர்.

இதன்பின் நடந்ததே நம் பொருளுக்கு மிக இன்றியமையாதது. 1780 ஜனவரியில் காசிநாத் பாபு, வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதும் மன்ற உறுப்பினர்கள் மீதும் அத்துமீறல் வழக்குத் தொடுத்தார். அந்தப்புரத்துள் நுழைந்தவர் மீதன்று, நுழைந்தவர்களைத் தடுத்தவர் மீதே அத்துமீறல் வழக்குப் பாய்ந்தது. நீதிமன்றக் கட்டளையின் பெயரால் நிகழும் நுழைவுக்கு வரம்பு எழுதப்படாத இடத்தில், அத்துமீறியவர் யார் என்பதை வன்மையே முடிவு செய்யும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்திற்று. வழக்கு பின்னர்த் திரும்பப் பெறப்பட்டது. 1781ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் ஆளுநர் மன்றத்தின் அலுவல்முறைச் செயல்களையும் வரிவசூல் தொடர்பானவற்றையும் அந்நீதிமன்றத்தின் அதிகாரத்திலிருந்து விலக்கியது. நிலவுரிமை ஒன்றை மட்டும் காரணமாகக் கொண்டு ஒருவரை அதன் அதிகாரத்துக்கு உட்படுத்தலாகாது என்றது. குடும்பத் தலைவர்களின் உரிமைகளையும் மக்களின் சமய, சமுதாய வழக்கங்களையும் மதிக்குமாறும் பணித்தது.

உச்சநீதிமன்றச் சேவகர்களால் நேர்ந்த கொடுமைகளை மெக்காலே 1841இல் எழுதிய ஹேஸ்டிங்ஸ் பற்றிய கட்டுரையில் அச்சமூட்டும் வண்ணங்களில் தீட்டினார். அச்சித்திரம் மிகையானது என்று ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் 1885இல் வெளியிட்ட நூலில் ஆவணங்களைக் கொண்டு மறுத்துரைத்தார். சித்திரம் மிகையே ஆயினும் அது எழுப்பிய அச்சம் உண்மையானது. 1837இல் தண்டனைச் சட்ட வரைவை உருவாக்கிய ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவரும் அதே மெக்காலேதான் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

சட்டத் தொகுப்புகளில் வாசற்படி

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இயற்றப்பட்ட சட்டங்கள் இச்சிக்கலுக்கு மூன்று வழிகளில் விடை கண்டன.

முதலாவது, பணியாளருக்குரிய காப்பு. 1850ஆம் ஆண்டின் 18ஆம் சட்டம் நீதிபதிகளுக்கு மட்டுமன்றி, அவர்தம் கட்டளையை நிறைவேற்றக் கடமைப்பட்ட அலுவலருக்கும் உரிமையியல் வழக்கிலிருந்து காப்பளித்தது. ஆணையிடும் அதிகாரம் நீதிபதிக்கு இருந்ததா என்று ஆராயும் கடமை சேவகருக்கு இல்லை என்பது இதன் அடிப்படை. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டம் நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலரை 21ஆம் பிரிவில் பொது ஊழியர் என வகுத்தது. மேலும், மரணத்தையோ கொடுங்காயத்தையோ பற்றிய நியாயமான அச்சத்தை விளைவிக்காத அவருடைய நல்லெண்ணச் செயல், சட்டப்படி முற்றிலும் சரியானதாக இல்லாவிடினும், அதற்கு எதிராகத் தற்காப்புரிமை இல்லை என்று 99ஆம் பிரிவு கூறியது. ஆயினும் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. வந்தவர் கட்டளைப்படியே செயல்படுகிறார் என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும். அல்லது அவர் தம் அதிகாரத்தைச் சொல்ல வேண்டும். எழுத்து ஆணை இருப்பின் கேட்டபோது காட்ட வேண்டும். ஆணையைக் காட்ட மறுக்கும் சேவகர் இச்சிறப்புக் காப்பை இழக்க நேரும்.

இரண்டாவது, வீட்டாருக்குரிய காப்பு. 1908ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணைமுறைச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, அசையும் பொருளைப் பற்றுவதற்காகக் குடியிருப்பு வீட்டுக்குள் கதிரவன் மறைந்தபின்னும் எழுமுன்னும் நுழைவதைத் தடுக்கிறது. தீர்ப்புக்கடனாளி குடியிருந்து, நுழைவைத் தடுத்தாலன்றி வெளிக்கதவை உடைத்தல் கூடாது. முறையாக உள்ளே சென்றபின் பொருள் இருப்பதாக நம்பக் காரணமுள்ள அறையின் கதவைத் திறக்கலாம். பொதுவெளியில் தோன்றும் வழக்கமில்லாத பெண்டிர் இருக்கும் அறையாயின், அவர்கள் விலகுவதற்கு அறிவிப்பும் போதிய நேரமும் வசதியும் தந்தபின்னரே நுழைய வேண்டும். கடனாளியைக் கைது செய்வதற்கும் 55ஆம் பிரிவு இவ்வாறே வரம்பிடுகிறது. காசிஜோராவின் அந்தப்புர முறையீட்டுக்குச் சட்டநூலில் கிடைத்த விடையாக இவ்விதியைக் கொள்ளலாம். உள்ளே சென்றபின்னும் எடுக்கக்கூடாத பொருள்களை 60ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. உடுக்கும் உடை, சமைக்கும் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, உழவரின் கலப்பையும் மாடும் விதைநெல்லும், சமய வழக்கப்படி பெண்கள் கழற்றக்கூடாத அணிகள் ஆகியன அவற்றுள் அடங்கும். தாலியைத் தொடும் அதிகாரம் சேவகருக்கு இல்லை.

மூன்றாவது, நுழைய வேண்டாத ஒரு முறை. அழைப்பாணை வழங்குவதற்கு வீட்டுக்குள் செல்லத் தேவையில்லை. எதிர்வாதி கையொப்பமிட மறுத்தாலோ, உரிய முயற்சிக்குப் பின்னும் காணப்படாவிட்டாலோ, அதன் படியை வெளிக்கதவிலோ வீட்டின் எடுப்பான பகுதியிலோ ஒட்டிவிட்டு வரலாம் என்பது 5ஆம் கட்டளையின் 17ஆம் விதி. கதவையே பெறுநராகக் கொள்ளும் இவ்வேற்பாடு, அழைப்பாணை கொண்டுவருபவரை வாசலோடு நிறுத்துகிறது. பற்றுகை ஆணை கொண்டுவருபவர் மட்டுமே உள்ளே வரலாம். இவ்விரு பணிகளையும் பெரும்பாலும் அதே அலுவலகத்தார் செய்வதால் மக்கள் இவற்றை வேறுபடுத்தி அறிவதில்லை. வெறும் அழைப்பாணைக்கும் கதவடைப்பதும், அழைப்பாணையுடன் வந்தவரைக் கொள்ளையர்போல் கருதுவதும் இம்மயக்கத்தின் விளைவுகளே.

அத்துமீறலின் உயிர்நிலை: நோக்கம்

தண்டனைச் சட்டத்தின் 441ஆம் பிரிவின்படி, பிறர் வசமுள்ள இடத்தில் நுழைந்தால் மட்டும் அது குற்றம் ஆகிவிடாது. குற்றம் புரியவோ, வசமுள்ளவரை அச்சுறுத்தவோ, இழிவுபடுத்தவோ, தொல்லைப்படுத்தவோ நோக்கம் கொண்டு நுழைதல் வேண்டும். முறைப்படி நுழைந்தபின் அந்நோக்குடன் முறையின்றி அங்கேயே தங்குதலும் குற்றமே. எனவே கட்டளையின்படி உள்ளே சென்ற சேவகர், பணி முடிந்தபின் மிரட்டுவதற்காகத் தங்கினால் கட்டளை அவரைக் காக்காது.

பற்றுகைக்கு வரும் எவரும் வீட்டாருக்குத் தொல்லை தருவார் என்பது உறுதி. அவ்வாறாயின் அது தொல்லைப்படுத்தும் நோக்கமாகுமா? பஞ்சாபிலிருந்து எழுந்த மாத்ரி வழக்கில் உச்சநீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. 1964ஆம் ஆண்டுத் தொகுப்பில் அத்தீர்ப்பு இடம்பெற்றுள்ளது. நிலத்தின் சுவாதீனத்தைப் பெறுவதற்கான ஆணை சட்டப்படி நிறைவேற்றத் தகாததாகிவிட்டிருந்தது. எனினும் அதனை நிறைவேற்ற வந்தவர்களின் குறிக்கோள் சுவாதீனம் பெறுவதே, தொல்லைப்படுத்துவதன்று. தொல்லை விளையும் என்று அறிந்திருப்பது வேறு, தொல்லையையே குறிக்கோளாகக் கொள்வது வேறு என்று மன்றம் பகுத்துக் காட்டியது. இத்தீர்ப்பு நல்லெண்ணத்துடன் செயல்படும் பணியாளருக்குப் பெருங்காப்பாகும். ஆயினும் காலங்கடந்த ஆணையுடன் செல்லலாம் என்று அதற்குப் பொருளில்லை. ஒவ்வொரு நிறைவேற்ற ஆணையிலும் இன்ன நாளுக்குள் என்று குறிக்க வேண்டும் என்பது 21ஆம் கட்டளை 24ஆம் விதி. அந்நாளைப் பார்த்துக்கொள்வதே பணியாளரின் முதற்காப்பு.

காவல்துறையும் கட்டளை நிறைவேற்றுநரும்

1861ஆம் ஆண்டின் காவல் சட்டம் தகுதியுடைய அதிகாரியின் ஆணைகளை நிறைவேற்றுவதைக் காவலரின் கடமையாக வகுத்தது. எனினும் நடைமுறையில் குற்றவியல் அழைப்பாணை பெரும்பாலும் காவலர் வழியாகவும், உரிமையியல் அழைப்பாணை நாசரின் ஆட்கள் வழியாகவும் செல்லும் பிரிவினை நிலைபெற்றது. இதனால் உரிமையியல் சேவகர் சீருடைக் காவலரின் வலிமையின்றித் தனியே செல்பவரானார். டவாலியும் காகிதமுமே அவருடைய கருவிகள்.

அவர் தாக்கப்பட்டால் செல்லும் வழி இரண்டு. அழைப்பாணையை ஒட்டவிடாமல் தடுத்தல், பொருளைப் பற்றவிடாமல் எதிர்த்தல், பணிக்கு இடையூறு செய்தல் ஆகிய குற்றங்களை (தண்டனைச் சட்டம் 173, 183, 186) சம்பந்தப்பட்ட பொது ஊழியரோ அவருடைய மேலலுவலரோ எழுத்து மூலம் முறையிட்டால் அன்றிக் குற்றவியல் மன்றம் கையிலெடுக்கலாகாது என்பது குற்றவியல் விசாரணைமுறைச் சட்டத்தின் 195ஆம் பிரிவு. காவல்துறையின் குற்றப்பத்திரிகை மட்டும் இவற்றுக்குப் போதாது. ஆனால் பணியைத் தடுக்கும் பொருட்டுத் தாக்குதல் அல்லது குற்றமுறு வன்மை (353) அவ்வரம்புக்குள் வராது. காவல் நிலையமே வழக்குப் பதியலாம். பல முறையீடுகள் தள்ளுபடியாவதற்கு இவ்வேறுபாட்டை அறியாமையும் ஒரு காரணமாகும். எனவே நடந்ததை முதலில் தம் நீதிமன்றத்துக்கு எழுத்தில் அறிவிப்பதே பணியாளர்க்கு ஏற்ற வழி.

முன்கூட்டியே காவல் உதவி பெறுவது மற்றொரு வழி. நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தைக் கூறும் 151ஆம் பிரிவின்கீழ் தடையாணையை நிலைநிறுத்தக் காவல் உதவிக்கு ஆணையிடலாம் என்று ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் இராயபாட்டி ஆதெம்மா வழக்கில் கூறியது. உச்சநீதிமன்றமும் 2007இல் மீரா சவுகான் வழக்கில் இக்கருத்தை ஏற்றது. காவலர் அங்கு வருவது நீதிமன்றத்தின் கையாக மட்டுமே. யாருக்குச் சொத்துரிமை என்று தாமே முடிவு செய்வதற்கன்று.

அறிக்கையின் வன்மை

கட்டளை நிறைவேற்றுநரின் மெய்யான அதிகாரம் கதவை உடைப்பதில் இல்லை. திரும்பி வந்து எழுதும் அறிக்கையில் உள்ளது. ‘வாங்க மறுத்தார், கதவில் ஒட்டினேன்’ என்னும் ஒரு வரியின்மேல் ஒருதலைப்பட்சத் தீர்ப்பு எழலாம்; அதன்மேல் பற்றுகையும் ஏலமும் தொடரலாம். தமக்கெதிராக வழக்கு நடந்ததையே அறியாத குடும்பம் வீட்டை இழப்பது இவ்வாறுதான். வீட்டை அடையாளம் காட்டியவர் யார், யார் முன்னிலையில் ஒட்டப்பட்டது என்று பெயரும் முகவரியும் எழுத வேண்டும் என்று 17ஆம் விதி கூறுவதும், உறுதிமொழி ஆவணம் இல்லாத அறிக்கையாயின் பணியாளரை மன்றம் விசாரித்தே ஆகவேண்டும் என்று 19ஆம் விதி கூறுவதும் இதனாலேயே. அடையாளம் காட்டுபவர் வாதியின் ஆளாகவே இருந்துவிட்டால் இக்காப்பு பயனற்றுப் போகும்.

வீட்டிலுள்ள வயதுவந்த ‘ஆண்’ உறுப்பினரிடமே அழைப்பாணையை வழங்கலாம் என்றிருந்த 15ஆம் விதி 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தால் ஆண், பெண் இருபாலாருக்கும் பொதுவாயிற்று. 1999, 2002ஆம் ஆண்டுத் திருத்தங்கள் கூரியர், தொலைநகல், மின்னஞ்சல் ஆகியவற்றுக்கு இடமளித்தன. சேலம் வழக்கறிஞர் சங்க வழக்கில் 2005இல் தீர்ப்பளித்த உச்சநீதிமன்றம் கூரியர் வழியே பொய்யறிக்கைகள் வரக்கூடும் என்ற அச்சத்தையும் கருத்திற்கொண்டது. மின்னணு நீதிமன்றத் திட்டத்தில் வாசலின் ஒளிப்படத்தையும் இடக்குறியீட்டையும் கைப்பேசியில் பதிவு செய்யும் முறை வந்துள்ளது. பொய்யறிக்கையைக் கட்டுப்படுத்தும் இப்பதிவே, ‘உள்ளே நுழைந்தார்’ என்னும் பொய்முறையீட்டிலிருந்து பணியாளரையும் காக்க வல்லது.

2024 ஜூலை 1 முதல் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. அத்துமீறலை அதன் 329ஆம் பிரிவும், இடையூறு செய்தலை 221ஆம் பிரிவும், தாக்குதலை 132ஆம் பிரிவும் கூறுகின்றன. 195ஆம் பிரிவின் விதியைப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 215ஆம் பிரிவு தொடர்கிறது. எண்கள் மாறினும் நோக்கமே அத்துமீறலின் உயிர்நிலை என்னும் கோட்பாடு மாறவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. வழக்காடுபவரே எதிராளியை வாசலில் மறிக்கும் மரபிலிருந்து, நடுநிலையான பணியாளர் வழியே கட்டளை செல்லும் முறைக்கு இந்தியச் சமுதாயம் மாறியது முதலாவது. காசிஜோரா நிகழ்ச்சி காட்டிய வரம்பின்மைக்கு மாற்றாக, பணியாளரின் காப்பும் வீட்டாரின் காப்பும் ஒருங்கே சட்டத்தில் எழுதப்பட்டது இரண்டாவது. அவ்விரு காப்புகளும் இன்றும் தங்கியிருப்பது மூன்று எளிய ஒழுக்கங்களின் மேல்தான் என்பது மூன்றாவது: ஆணையைக் காட்டுதல், நாளையும் வேளையையும் பேணுதல், நடந்ததை நடந்தவாறே எழுதுதல்.

நீதிமன்ற ஊழியருள் கீழ்ப்படிநிலையில் நிற்கும் ஒருவரின் நேர்மையின்மேல் மேற்படிநிலைத் தீர்ப்புகள் நிற்கின்றன. அவருக்குரிய பயிற்சியும் ஊதியமும் பாதுகாப்பும் குறையுமாயின், அக்குறை வாசலில் நிற்கும் அவருக்கும் வாசலுக்கு உள்ளே இருப்பவருக்கும் ஒருசேரக் கேடாய் முடியும். நீதித்துறை வரலாற்றில் இப்பணியாளருக்கு உரிய இடத்தை வழங்குதல் ஆய்வாளர் கடமையாகும். மாவட்ட நீதிமன்ற ஆவணக் காப்பறைகளில் உறங்கும் நாசர் பதிவேடுகளும் சம்மன் அறிக்கைகளும் அவ்வாய்வுக்குக் காத்திருக்கின்றன.